நாலைந்து தொண்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே மென்பொருளை நடத்துவது எப்படி?

"எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், ஆறு மாசத்தில் ஆஸ்பத்திரி மென்பொருள் எழுதித் தருகிறேன் என்கிறான், கொடுக்கலாமா?" தொண்டு மருத்துவமனை நடத்துகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

கொடுக்க வேண்டாம். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், அப்போதும் வேண்டாம். பதிவு, டோக்கன், பில் மூன்றும் ஆறு மாசத்தில் வந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். அப்புறம் லேப் ரிசல்ட் வரும், மருந்துக் கையிருப்பு வரும், கர்ப்பிணிகளுக்குத் தனி அட்டை வேண்டும் என்பார்கள், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு எண் விழுந்திருக்கும், அதைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குள் பையனுக்கு நல்ல வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருப்பான். அவன் எழுதியதைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது, நோயாளிகளின் நாலு வருடத் தகவல் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கும்.

வேறு வழி இருபது வருடமாக இருக்கிறது. கென்யாவில் எல்டொரெட் நகரத்துக்குப் பக்கத்தில் மொசோரியோட் என்று ஓர் ஊர். அந்தச் சுகாதார நிலையத்தில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற சாதாரண அலுவலகத் தரவுத்தள மென்பொருளில் செய்த சின்ன நோயாளர் பதிவு ஒன்று 2001 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் எச்ஐவி சிகிச்சைக்கு வருகிறவர்கள் மளமளவென்று கூடியதும் இது தாங்காது என்று தெரிந்துவிட்டது. 2004-இல் அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்திலிருந்து பர்க் மாம்லின், பால் பியாண்டிச் என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே போனார்கள். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனமும் அதே காலத்தில் பெருவில், வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்களைப் பின்தொடர ஹேமிஷ் ஃப்ரேசர் தலைமையில் இணையவழிப் பதிவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் பேசிப் பார்த்தபோது இருவரும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்ய இருப்பது தெரிந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்துகொண்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற நோயாளர் பதிவு மென்பொருள். 2006-இல் எல்டொரெட்டில் ஓடத் தொடங்கியது, அதே வருடம் ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வந்துவிட்டது. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது, எடுத்து ஓட்ட யாரும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

ஆகவே நாலைந்து அமைப்புகள் கைகோர்க்கும்போது புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இருப்பதில் போய்ச் சேருங்கள். எப்படிச் சேருவது, எங்கே வழுக்கும் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

எதை எடுப்பது

இதில் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முப்பது, ஐம்பது, நூறு படுக்கை, சொந்த லேப், சொந்த மருந்தகம் என்றால் பாம்னியைப் பாருங்கள். நோயாளர் பதிவுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், லேப்புக்கு ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் கையிருப்புக்கும் ஓடூ என்று மூன்று கட்டற்ற மென்பொருள்களை, அதாவது யாரும் எடுத்து ஓட்டவும் நிரலைத் திறந்து திருத்தவும் கூடியவற்றை, ஒன்றாகக் கோத்தது அது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில், ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பு சுற்றுவட்டாரத்துப் பழங்குடி மக்களுக்காக ஒரு மருத்துவமனை நடத்துகிறது. அவர்களுடைய தேவைக்கென்று தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் கட்டியது பாம்னி. அப்புறம் நேபாளத்தின் அச்சாம் மாவட்டத்து மருத்துவமனை எடுத்துக்கொண்டது, பங்களாதேஷ் அரசு மருத்துவமனைகளுக்கும் போனது.

ஒரே நோய்க்கான திட்டம், ஆளை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்றால் ஓப்பன்எம்ஆர்எஸ் மட்டும் போதும். ஊர் வாரியாக எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி என்ற எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளை எடுங்கள். 2020 தொடக்கத்தில் இலங்கையில் விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளைக் கண்காணிக்க, சுகாதார அமைச்சோடு சேர்ந்து அங்குள்ள குழு இதில்தான் ஒரு பதிவை அவசரமாகக் கட்டியது. அதை ஒஸ்லோ குழு பொதுவாக்கிக் கொடுக்க, மற்ற நாடுகள் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. கொரோனா காலத்தில் அது எவ்வளவு நாளை மிச்சம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன்னால் சொற்களைச் சரிசெய்யுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் இடம் இதுதான், பின்னால் அழுவதும் இதற்காகத்தான். நாலு மருத்துவமனை ஒரே மென்பொருளை நிறுவிவிட்டால் கூட்டு வேலை ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரே பெயரில் ஒரே பொருளை எழுதினால்தான் அது கூட்டு வேலை.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மருத்துவமனையில் "சுகர்" என்று ஒரு கட்டம், அங்கே எப்போதும் வெறும் வயிற்றில்தான் எடுப்பார்கள், அதனால் தனியாக எழுதுவதில்லை. இரண்டாவது இடத்தில் அதே பெயரில் கட்டம், ஆனால் மலைக் கிராமங்களிலிருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் வந்த நேரத்தில் எடுப்பார்கள். மூன்றாவது இடத்தில் நன்கொடையாக வந்த குளுக்கோமீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். அங்கே 7 என்பதும் நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 126 என்பதும் ஒரே அளவுதான். இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் கொட்டி "சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் வரும் விடையை நம்பி ஒருவருக்கும் மாத்திரை மாற்ற முடியாது.

ஓப்பன்எம்ஆர்எஸ்ஸைக் கட்டியவர்கள் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்து, மென்பொருளின் நடுவிலேயே ஓர் அகராதியை வைத்தார்கள். ஒவ்வொரு கேள்வி, ஒவ்வொரு பரிசோதனை, ஒவ்வொரு நோய், ஒவ்வொரு மருந்து அதில் ஒரு பதிவு. எண்ணாக வரும் விடைக்கு அலகு என்ன, எதற்குக் கீழே எதற்கு மேலே போனால் ஏற்கக் கூடாது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். இதை ஆரம்பத்திலிருந்து நீங்கள் எழுத வேண்டாம். சீல் என்ற ஆயத்த அகராதி இருக்கிறது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை. நோய்களுக்கு ஐசிடி-10, லேப் பரிசோதனைகளுக்கு லாயின்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் என்று உலகம் முழுவதும் புழங்கும் பட்டியல்களின் குறியீடுகளோடு இணைத்தே வருகிறது. முதலில் அதில் தேடுங்கள், இல்லாவிட்டால் மட்டும் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஓ.பி. சீட்டு, லேப் படிவம், கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றிலும் ஒரு காலிப் பிரதியும், பெயரை மறைத்த நிரப்பிய பிரதி ஒன்றும் எடுத்துவரட்டும். ஒரு பெரிய மேசையில் பரப்புங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், பதிவு மேசையில் உட்காருகிறவர் ஒருவர் வரட்டும். கணினி ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டு நாள் ஒதுக்குங்கள், ஒரு நாளில் முடியாது. ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, "இதில் என்ன எழுதுவீர்கள், எப்போது எழுதுவீர்கள், காலியாக விட்டால் என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "மருந்து ஒவ்வாமை" என்ற கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று ஓர் இடத்தில் அர்த்தம், கேட்கவில்லை என்று இன்னோர் இடத்தில் அர்த்தம். பென்சிலின் ஊசி போடப் போகிற நர்ஸுக்கு இந்த இரண்டும் ஒன்றா?

முடிவானதும் அந்த அகராதிக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள், ஒருவர் மருத்துவம் தெரிந்தவர், ஒருவர் தரவு தெரிந்தவர். அவர்கள் இருவரும் சொல்லாமல் யாரும் புதுச் சொல் சேர்க்கக் கூடாது. ஒரு விதியை மட்டும் எப்போதும் மீறாதீர்கள்: புழக்கத்துக்கு வந்துவிட்ட பதிவின் பொருளை மாற்றாதீர்கள். "சுகர்" என்பதை இன்று முதல் வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று திருத்தினால், நேற்று வரை சாப்பிட்ட பின் எடுத்த அத்தனை அளவும் ராவோடு ராவாக வெறும் வயிற்று அளவாகிவிடும். பழையதை ஓய்வு கொடுத்து நிறுத்துங்கள், புதிதாக ஒன்றைத் திறங்கள்.

பெயரும் எண்ணும்

நம் பெயர்கள் இந்த மென்பொருள்களில் எளிதாக உட்காராது. சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும், குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் விடாது. "செ. முருகன்" என்பவருக்கு அங்கே என்ன போடுவது? ஓர் இடத்தில் தலைப்பெழுத்தைப் போடுவார்கள், ஓர் இடத்தில் அப்பா பெயரை, ஓர் இடத்தில் வெறும் புள்ளியை. அதே முருகன் அடுத்த மாதம் வந்தால் தேடினாலும் கிடைக்க மாட்டார், இன்னொரு புது எண் விழும். பாம்னியில் குடும்பப் பெயர் கட்டாயமில்லை என்று அமைப்புக் கோப்பிலேயே, அதாவது நிரலைத் தொடாமல் விருப்பங்களை எழுதிவைக்கும் கோப்பில், மாற்றலாம். கனியாரியில் இந்திக்குச் செய்ததைப் போல, பெயரை உள்ளூர் எழுத்திலும் ஒரு முறை பதியலாம். எதைச் செய்தாலும் நாலு இடமும் ஒன்றுபோலச் செய்யுங்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள், "உத்தேச வயது" என்று குறிக்க அதில் இடம் இருக்கிறது.

பதிவு எண்ணுக்குச் சரிபார்ப்பு இலக்கம் கட்டாயம் வையுங்கள், அதாவது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுக் கடைசியில் சேர்க்கும் ஓர் இலக்கம். 4173 என்ற எண்ணுக்கு லூன் என்ற கணக்கு முறையில் போட்டால் கடைசி இலக்கம் 1 வரும், சீட்டில் 41731 என்று இருக்கும். கூட்ட நேரத்தில் 47131 என்று மாற்றித் தட்டினால், 4713-க்கு வர வேண்டியது 4, இங்கே 1 இருக்கிறதே என்று அந்த நொடியே மறுத்துவிடும். இல்லாவிட்டால் வேறு யாரோ ஒருவரின் பக்கம் திறக்கும், டாக்டரும் அதைப் பார்த்தே மருந்து எழுதுவார். எழுத்தும் எண்ணும் கலந்த வகையில் பி, ஐ, ஓ, க்யூ, எஸ், இசட் ஆறு எழுத்துகளையும் ஓப்பன்எம்ஆர்எஸ் விட்டுவிடுகிறது, கையால் எழுதும்போது 8, 1, 0, 5, 2 போலத் தெரிந்துவிடும் என்பதால். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி முன்னெழுத்து கொடுத்துவிட்டால் பரிந்துரைத்து அனுப்பும் நோயாளியின் எண் மோதாது.

மையத்தில் கை வைக்காதீர்கள்

ஒரு மருத்துவமனைக்கு உதவப் போயிருந்தபோது பார்த்தேன். அவர்கள் எடுத்த மென்பொருளை நன்றாகத்தான் நிறுவியிருந்தார்கள், ஆனால் பில் அச்சாகும் விதம் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்து, மென்பொருளின் மூல நிரலுக்குள்ளேயே இறங்கி அங்கே இங்கே திருத்திக்கொண்டே போயிருந்தார்கள். மூன்று வருடம் கழித்து ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அதைப் போட்டால் அவர்கள் திருத்தியதெல்லாம் போய்விடும், போடாவிட்டால் ஓட்டையோடு இருக்க வேண்டும். யார் எதை ஏன் மாற்றினார்கள் என்ற குறிப்பு ஒரு வரி கூட இல்லை. கடைசியில் ஓட்டையோடுதான் இருந்தார்கள். அங்கே பதிவாகியிருந்த எச்ஐவி நோயாளிகளை நினைத்து எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இந்த மென்பொருள்கள் இந்தச் சிக்கலை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. மையம் ஒன்று, அதில் செருகும் தொகுதிகள் வேறு, உங்கள் ஊருக்கான படிவமும் அச்சு வடிவமும் அமைப்புக் கோப்புகளில் தனியே. உங்களுக்கு ஒன்று வேண்டும் என்றால் இந்த வரிசையில் கேளுங்கள்: அமைப்புக் கோப்பில் முடியுமா, யாராவது ஏற்கெனவே எழுதிய தொகுதி இருக்கிறதா, நாமே ஒரு தொகுதி எழுதலாமா? மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தால்தான் மையத்தைப் பற்றிப் பேச வேண்டும், அப்போதும் அந்த மென்பொருளைக் கட்டி வளர்க்கும் மூலத் திட்டத்தாரிடம் கேட்டுவிட்டு.

நீங்கள் எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஜோர்டானின் அம்மான் நகரத்தில், போரில் காயம்பட்டவர்களுக்கு சீரமைப்பு அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவமனை நடத்துகிறது. அங்கே பாம்னியை வைத்தபோது அறுவை அரங்கு நேரத்தை ஒதுக்கும் பகுதி தேவைப்பட்டது. அவர்களுக்காக எழுதியது பொதுப் பாம்னியிலேயே சேர்ந்தது. இன்று ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அறுவை செய்தாலும் அந்தத் திரையை இலவசமாகத் திறந்துகொள்கிறது.

கொடுக்கும் முறை கடினமில்லை. எழுதுவதற்கு முன்னாலேயே அந்த மென்பொருளை எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் பேசும் இணையச் சமூகத்தில் போய் இது எங்களுக்கு வேண்டும், உங்களில் யாருக்காவது வேண்டுமா என்று கேளுங்கள். பாதிப்பேர் முழுதாக எழுதி முடித்த பிறகு கொண்டு போய் நீட்டி, ஏற்கவில்லை என்று மனம் நோகிறார்கள். சின்னச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலும் எழுதுங்கள், எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம், அங்கே பேசுகிறவர்களில் பலருக்கு அது இரண்டாவது மூன்றாவது மொழி. நிரல் எழுதத் தெரியாத நர்ஸ் ஒருவர் "இந்தத் திரையில் எடை போட்டால் பிழை வருகிறது" என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தால் அதுவும் பங்களிப்புதான்.

உரிமத்தையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ் மொசில்லா பொது உரிமம் 2.0, கூடவே மருத்துவ முடிவுக்கு மென்பொருள் பொறுப்பாகாது என்ற குறிப்பு. பாம்னி ஏஜிபிஎல் என்ற உரிமம், அதாவது நீங்கள் மாற்றி இணையத்தில் பிறருக்கு ஓட்டினால் மாற்றிய நிரலை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

நிரல் பொது, நோயாளி பொது இல்லை

ஒரு கூட்டுத் திட்டத்தில் பிழை வந்தது என்று ஒரு தம்பி திரையைப் படம் பிடித்து அப்படியே எல்லாரும் பார்க்கும் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். படத்தின் மேல் மூலையில் ஒரு பெண்ணின் பெயர், வயது, ஊர். கீழே கருக்கலைப்பு பற்றிய குறிப்பு. இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டோம், ஆனாலும் இருபது நிமிடம் அது உலகத்துக்கே திறந்து கிடந்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் போகும் இடமெல்லாம் முதல் நாளே பொய்ப் பெயர்களை நிரப்பிய சோதனைச் சர்வர் ஒன்றை அமைக்கச் சொல்கிறேன். பிழையை அங்கே மறுபடி வரவழைத்து, அங்கிருந்துதான் படம் எடுக்க வேண்டும்.

அமைப்புகளுக்கு நடுவே இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். நிரல், அகராதி, பயிற்சிக் கையேடு எல்லாருக்கும் பொது. நோயாளியின் பதிவு அந்தந்த மருத்துவமனையின் பொறுப்பில், அதன் சர்வரில். பரிந்துரைத்து அனுப்பும்போது மட்டும், நோயாளியின் சம்மதத்தோடு, தேவையான பகுதி போகும். இந்தியாவில் என்றால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். வேலையை விட்டுப் போகிறவரின் கடவுச்சொல்லை அன்றே மூடுவது யார் என்று ஒரு பெயரும் அதில் இருக்கட்டும்.

பணம்

நன்கொடையாளர்கள் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் தருவார்கள், கட்டியதைப் பராமரிக்கத் தர மனம் வராது. விண்ணப்பம் எழுதும்போதே பராமரிப்பைத் தனி வரியாகப் போடுங்கள், பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது. நாலு மருத்துவமனைக்குச் சேர்த்து இரண்டு பேர் சம்பளத்தில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் கல்யாணத்துக்கு லீவு போடும் வாரத்தில்தான் சர்வர் படுக்கும். யுபிஎஸ், மாற்று வன்தட்டு இவற்றுக்கும் ஒதுக்குங்கள். பேக்கப் எடுப்பதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்வது மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பை வேறு கணினியில் திறந்து, நேற்றைய நோயாளி ஒருவரைத் தேடிப் பார்ப்பது. திறக்காத பேக்கப் வருடக்கணக்கில் காலிக் கோப்பாகவே சேர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வார்டுக்குக் கொண்டு போவது

நாலு இடத்திலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஓர் இடம், அதில் பதிவு மேசை மட்டும், இரண்டு வாரம். பதிவு மேசையில் ஒரு நோயாளிக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். பழைய நோட்டில் நாற்பது நொடி ஆனது இப்போது மூன்று நிமிடம் என்றால், காலை ஒன்பது மணி வரிசை வாசல் வரை நிற்கும், கைக்குழந்தையோடு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். கட்டங்களைக் குறையுங்கள். அது சரியான பிறகு லேப், அப்புறம் டாக்டர் அறை. கொஞ்ச நாள் காகிதமும் கணினியும் சேர்ந்து ஓடத்தான் செய்யும், ஆனால் காகிதம் நிற்கும் தேதியை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நர்ஸ்கள் இரண்டு வேலையும் என்றென்றைக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

திரையைத் தமிழாக்குவதாக இருந்தால் வார்டில் புழங்கும் சொல்லை வையுங்கள். குருதியழுத்தம் என்று போட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் புரிந்துகொள்வார்கள், பி.பி. என்று போட்டால் கை தானாகப் போகும். மொழிபெயர்த்ததை இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒரு நர்ஸிடம் காட்டி, தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிறாரா என்று பாருங்கள். பிறகு அதையும் மூலத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள், அடுத்த தமிழ் ஆஸ்பத்திரி மறுபடி தொடங்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாலு இடமும் ஒரு மணி நேரம் பேசுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனை நடத்தட்டும், கணினி ஆட்கள் மட்டும் பேசும் கூட்டமாகிவிடாமல் வார்டிலிருந்து ஒருவராவது இருக்கட்டும். அப்படி ஒரு கூட்டத்தில் குழந்தைகள் பிரிவு அக்கா ஒருவர், "எடை போடும்போது போன தடவை எடை பக்கத்திலேயே தெரிந்தால் நல்லா இருக்கும், குழந்தை இளைச்சிருந்தா உடனே கண்ணில் படும்" என்றார். அரை நாள் வேலைதான் பிடித்தது. அடுத்த மாதம் நாலு மருத்துவமனையிலும் பழைய எடை புது எடைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.